செக் நாட்டு வெள்ளைப் பெட்டி

எங்கள் பயாஸ்கோப் கொட்டகைக்கு அந்தப் படம் தவறி வந்தது. முதலாளி சென்னைக்கு ஆள் அனுப்பிக் கேட்டது குதிரைச் சண்டைப் படம். வந்து இறங்கியதோ யாருக்கும் புரியாத எழுத்து ஒட்டிய தகரப் பெட்டி. அதில் இரண்டு படங்கள் இருந்தன, ஒன்று அழுகைப் படம், மற்றது சிரிப்புப் படம். திருப்பி அனுப்பினால் சீசன் முடிந்துவிடும் என்று முதலாளி அதையே வைத்துக்கொண்டார்.

பேசும் படம் வராத காலம் அது. திரையில் வாயை அசைப்பார்கள், ஒரு சத்தமும் வராது. நடுநடுவே படத்தை நிறுத்தி எழுத்துக் காட்டுவார்கள். தமிழ் எழுத்தே தெரியாத ஜனங்கள் இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து என்ன செய்வார்கள்? அதனால் திரைக்குப் பக்கத்தில் கையில் ஒரு மூங்கில் கழியோடு ஒருவர் நின்றுகொண்டு, இன்னார் இன்னது சொல்கிறார், இப்போது இது நடக்கிறது என்று சத்தம் போட்டுக் கதை சொல்வார். எங்கள் கம்பெனியில் அந்த வேலையைப் பார்த்தவர் என் வீட்டுக்காரர்.

சேலத்தில் எங்கள் கத்தோலிக்கச் சபைக்காரர்கள் வருஷாவருஷம் போடுகிற, ஏசு பாடுபட்ட கதையான பாஸ்கா நாடகத்தில் பிலாத்து வேஷம் கட்டியவர் அவர். நல்ல குரல். ஒலிபெருக்கி எதுவும் இல்லாமல் கடைசி வரிசைக் கிழவர் வரைக்கும் கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் முதலாளி கூட்டிக்கொண்டு போனார், அந்தக் குரலுக்காகத்தான் நானும் கழுத்தை நீட்டினேன். ஊருக்கே கதை சொல்லுகிற மனிதர் வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் வாய் அதற்கும் சேர்த்து நீளம். இருந்தவரைக்கும் அவர் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்.

எங்களுக்கு ஒரே ஒரு பெண். நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது காலராவில் போய்விட்டாள். அப்போது அவர் கொட்டகையோடு தம்மம்பட்டியில் இருந்தார், நானும் பாப்பாவும் சேலத்து வீட்டில். முதல் நாள் இரவு அவளுக்கு வயிற்றோட்டம் கண்டதும், ஆத்தூர்ப் பக்கம் போகிற ஒரு ஆளிடம் சொல்லி அனுப்பினோம். மறுநாள் சாயங்காலம் அவள் கண்ணை மூடினாள். காலராவில் போன உடம்பை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சுகாதாரக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அன்று ராத்திரியே அடக்கம் முடிந்துவிட்டது. அவர் விடிந்த பிறகு வந்து நின்றார். வீட்டைக் கழுவி விட்டிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எப்படிப் போனாள் என்று கேட்கவில்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. கல்லறைத் தோட்டம் எங்கள் தெருமுனையிலிருந்து கூப்பிடு தூரம், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கூட ஆகவில்லை, கொட்டகைக்குக் கிளம்பிப் போய் ஏதோ ஒரு சிரிப்புப் படத்துக்குக் கதை சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்தத் தொண்டையைப் பிடித்து நெரிக்கலாம் போல இருந்தது.

அந்த வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை. கம்பெனி ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிறேன், பொம்பளைகள் வாசலில் டிக்கெட்டும் கிழிக்கிறேன் என்று சொல்லி நானும் அவரோடு கிளம்பிவிட்டேன். ஊர் ஊராகப் போனோம். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பாப்பா செத்துப்போச்சு என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை அழ வேண்டும். தனியாக அழுது அழுது எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்தத் தகரப் பெட்டி வந்தது. எழுத்தின் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் படித்த ரைட்டர் ஒருவர் பார்த்துவிட்டு இது இங்கிலீஷே இல்லை என்று கையை விரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் படச்சுருளில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த சேலத்துக்குப் போய் எங்கள் வேதக் கோயில் சுவாமியாரைப் பார்த்தார். நானும் கூடப் போனேன். சுவாமியார் பிரெஞ்சுக்காரர். பயாஸ்கோப் என்றால் பிசாசின் வேலை என்று பிரசங்கத்தில் திட்டுகிறவர். ஆனாலும் சுருளைக் கையில் கொடுத்ததும் ஆசையாக வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது செக் நாட்டு எழுத்து. பெரிய யுத்தத்துக்கு அப்புறம் தனியாக வந்த நாடு. ஜனங்கள் பெரும்பாலும் நம் வேதக்காரர்கள்தான். படிக்க எனக்கும் வராது” என்றார்.

சொல்லிக்கொண்டே சுருளை இழுத்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரிடம், “இந்தக் கதையை நீ கட்டாயம் சொல்லத்தான் வேண்டுமா?” என்று கேட்டார்.

“பொழப்புங்க சாமி” என்றார் இவர்.

சுவாமியார் எதற்காக அப்படிக் கேட்டார் என்பது அன்று சாயங்காலம் எஞ்சினை ஓட்டி எங்கள் ஆட்களுக்கு மட்டும் படத்தைப் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. மாவரைக்கிற மில்லுக்காரன் ஒருவன், அவன் பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. ஊர் முழுக்க வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிறது. அது பனி என்று பிறகு சுவாமியார் சொன்னார், நாங்கள் முதலில் உப்பளம் என்று நினைத்தோம். குழந்தை உறைந்துபோன குளத்தின் மேல் நடந்து போகிறது. அங்கே படம் வெட்டி, அப்பன் ஓடுகிறதைக் காட்டுகிறார்கள். அதற்கப்புறம் நாலு பேர் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். மேலே பூ. முன்னால் வெள்ளை முக்காடு போட்ட சிறு பெண்கள் மெழுகுவத்தியோடு நடக்கிறார்கள்.

எங்கள் சபையிலும் அப்படித்தான். பெரியவர்களுக்குக் கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி, சிறு குழந்தைக்கு வெள்ளைத் துணி. என் பாப்பாவுக்கு எங்கள் தெருத் தச்சர் சாமான் வந்த பலகையை அறுத்துப் பெட்டி அடித்து, அவர் பெண்டாட்டி அவருடைய வெள்ளை வேட்டியைக் கிழித்து ஒட்டிக் கொடுத்தாள். எங்கேயோ கண்காணாத தேசத்தில் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நான் மணலில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் திரைக்குப் பக்கத்தில் கழியை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை.

இனி இவர் தப்பிக்க முடியாது என்று நினைத்தேன். கதை சொல்லுகிறவர் குழந்தை செத்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? வீட்டில் வராத சொல் திரைக்கு முன்னாலாவது வரட்டும். ஜேடர்பாளையத்தில் முதல் ஆட்டம் போட்ட அன்று நான் வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொம்பளைகள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாசி மாசம். மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்த கையோடு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். படம் ஓடியது. குழந்தை குளத்துப் பக்கம் போனது. அப்பன் ஓடினான். வெள்ளைப் பெட்டி வந்தது.

என் வீட்டுக்காரர் கழியை உயர்த்தினார். “இப்ப இந்த ஊர்ல அம்மனுக்கு நோம்பிங்க! கொழந்த மாமன் ஊட்டுக்குப் போயிருச்சு. அம்மனோட நகைப் பொட்டியத் தூக்கிக்கிட்டு ஊர்வலமா வாறாங்க பாருங்க! கன்னிப் புள்ளைங்க விளக்கெடுத்துக்கிட்டு முன்னாடி வாறாங்க!” என்றார்.

அதுவாவது பரவாயில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். பின்னால் ஒருத்தி குலவை போட்டாள். அதைக் கேட்டு இன்னொருத்தி, அதைக் கேட்டுப் பொம்பளைகள் பக்கம் முழுக்கக் குலவை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் ஊரில் செத்தவர்களைப் பாடையில் வைத்துத் தாரை தப்பட்டையோடு எடுப்பார்கள், பெட்டியில் வைத்து ஆணி அடிப்பதை அவர்கள் பார்த்ததே இல்லை. பூ வைத்த பெட்டியைத் தோளில் தூக்கி வந்தால் அது கோயில் சொத்துதான். ஒரு குழந்தையின் சாவுக்கு இருநூறு பொம்பளைகள் குலவை போட்டார்கள், அதன் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியைப் புதைத்த பிறகு படத்தில் தாய்க்காரி வீட்டுக்கு வருகிறாள். அடுப்பு எரிகிறது. குளத்தில் நனைந்த குழந்தையின் கையுறை இரண்டும் கிடக்கின்றன. குளிருக்காகக் கைக்கு மாட்டுகிற சின்னச் சின்னக் கம்பளி உறைகள். அவள் அவற்றை எடுத்து அடுப்பு மேல் காயப் போடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கமும் காயட்டும் என்று திருப்பிப் போடுகிறாள். அழவில்லை. எங்கள் நாடக மேடையாக இருந்தால் அந்த இடத்தில் ராகம் போட்டு மாரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவள் திருப்பிப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேசும் படம் பார்த்துவிட்டேன், அந்தத் தாய்க்காரி மாதிரி நடித்தவளை நான் பார்க்கவில்லை. அவள் பேர் அந்தக் கொம்பு வைத்த எழுத்தில் வந்திருக்கும், எங்களுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அதற்கு என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? “நோம்பிக்குப் பணியாரம் சுடறாங்க” என்றார்.

அன்று ஆட்டம் முடிந்து அவர் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது நான் வட்டிலை வைக்கவில்லை.

“ஏனுங்க, அது பணியாரமுங்களா?” என்று கேட்டேன்.

“ஜனங்களுக்குப் புடிச்சிருந்துச்சு.”

“அந்தக் கொழந்த மாமன் ஊட்டுக்குப் போச்சுங்களா?”

“எழுத்தப் படிக்க எவனுக்கும் தெரியாது புள்ள. நான் சொல்றதுதான் கத.”

“நம்மளதும் அப்படித்தானுங்களா? நம்ம பாப்பாவும் மாமன் ஊட்டுக்குப் போயிருக்குதுங்களா? செத்துப்போச்சுன்னு சொன்னா உங்க நாக்கு அழுகிப்போயிருமா?”

அவர் எழுந்து போய்விட்டார். சோறு ஆறிப்போய்க் கிடந்தது. நானும் சாப்பிடவில்லை. முதலாளி மட்டும் மறுநாள் காலையில் சந்தோஷமாக வந்து, அழுகைப் படம் போட்டால் ஜனம் வராது என்று பயந்தேன், குலவைப் படமாக ஆக்கிவிட்டாயே என்று அவர் முதுகில் தட்டினார்.

அந்த ஊரிலேயே இன்னொன்றும் நடந்தது. தண்ணீருக்கு ஆற்றங்கரைக்குப் போனபோது ஒரு குடியானவர் என் வீட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு எத்தனை குழந்தைங்க என்று சாதாரணமாகக் கேட்டார். “ஒரு பொண்ணுங்க. ஊர்ல இருக்குதுங்க” என்றார் இவர். ஊரில் இருக்கிறாளாம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், அவர் நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

படத்தின் பேர் எங்களுக்கு முன்னால் அடுத்தடுத்த ஊருக்குப் போய்விட்டது. கெங்கவல்லியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் இரண்டாம் நாள் ஆட்டத்துக்குத் தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். வெள்ளைப் பெட்டி வருகிற நேரம் பார்த்து எழுந்துபோய்த் திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். கொட்டகை முழுக்கத் தென்னங்கீற்று, ஒரு பொறி பட்டால் போதும். முதலாளி வேட்டி அவிழ ஓடிவந்து, “ஐயா, சாமிய வெளிய நின்னு கும்பிடுங்க!” என்று கெஞ்சித் தண்ணீரை ஊற்றினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் பாவம். சிரித்துவிட்டு, எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று நினைத்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அழுகைப் படம் முடிந்ததும் ஜனங்களைச் சிரிக்க வைத்து அனுப்ப வேண்டும் என்று அந்தச் சிரிப்புப் படத்தைப் போடுவோம். தொப்பி வைத்த ஒரு தடியன் சாப்பிட உட்காருகிறான். கரண்டி வாய்க்குப் போகிற நேரத்தில் யாராவது கதவைத் தட்டுகிறார்கள். அவன் எழுந்து போவான், அதற்குள் ஒரு வாத்து வந்து தட்டில் வாயை வைத்துவிட்டுப் போகும். கடைசியில் பசி தாங்காமல் வாத்தைத் துரத்திக்கொண்டு அவன் தெருத் தெருவாக ஓடுகிறான். என் வீட்டுக்காரர் அந்தத் தடியனை வரி வசூலுக்கு வந்த மணியகாரர் ஆக்கிவிட்டார். வரி கட்டாதவன் வீட்டு வாத்தை ஜப்தி செய்ய ஓடுகிறாராம். குடியானவர்கள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். நாமக்கல்லில் நாற்காலி டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த நிஜ மணியகாரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார், அதற்கு இன்னும் சிரித்தார்கள். அந்த மனிதருக்கு அப்படி ஒரு திறமை. எனக்குத்தான் அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எரிந்தது.

செக் நாட்டைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்து, இரண்டாவது யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த நாட்டை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டுவிட்டான் என்று பேப்பர் படிக்கிறவர்கள் சொன்னார்கள். எங்கள் தெருவில் அதைக் கேட்டு வருத்தப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தத் தாய்க்காரியும் அந்தத் தடியனும் என்ன ஆனார்களோ என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் கொட்டகை சேலத்துக்கு வந்தது. நோன்பிருக்கிற தபசு காலமும் பாஸ்காவும் முடிந்திருந்தன, இனி எங்கள் சபைக்காரர்கள் தாராளமாகப் பயாஸ்கோப்புக்கு வருவார்கள். முதலாளி கொட்டகை போட்ட இடமோ கோயிலுக்கு நேர் பின்னால் இருந்த பொட்டல். “அம்மன் ஊர்வலம் அற்புதக் காட்சி” என்று நோட்டீஸ் அடித்து மாட்டு வண்டியில் தப்பு அடித்துக்கொண்டு தெருவெல்லாம் கொடுத்துவிட்டார்கள்.

“இங்க யாரு குலவ போடுவாங்க?” என்று நான் அவரிடம் கேட்டேன். “நம்ம தெருச் சனம் முச்சூடும் வந்து உக்காரும். நம்ம பாப்பா பொட்டியத் தூக்குனவங்களே வருவாங்க. அவங்ககிட்டயும் நகைப் பொட்டின்னு சொல்லுவீங்களா?”

அவர் நேரே முதலாளியிடம் போனார். அந்த ரீலை மட்டும் விட்டுவிடலாம் என்று கேட்டுப் பார்த்தார். நோட்டீஸில் போட்டதைக் காட்டாவிட்டால் ஜனம் கொட்டகையைப் பிய்த்துவிடும் என்று முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. கழியை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்று நினைத்தேன். எத்தனை தடவை நானே போய் உட்காருவது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கொட்டகை நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஜனம், இன்னொரு பக்கம் எங்கள் சபைக்காரர்கள். தச்சர் வந்திருந்தார். அவர் பெண்டாட்டி எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. குழந்தை குளத்துக்குப் போனது. அப்பன் ஓடினான். ரீல் மாற்ற விளக்குப் போட்டு அணைத்தார்கள். வெள்ளைப் பெட்டி வந்தது.

அவர் கழியை உயர்த்தினார். “இப்ப இந்த ஊர்ல…” என்று தொடங்கினார்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்திருந்த பொம்பளைகள் நாலைந்து பேர் குலவையை ஆரம்பித்தார்கள். அதற்குள் எங்கள் சபை ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றுவிட்டார்கள். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பொம்பளைகள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தெருவில் சவம் போனால் எப்படி நிற்போமோ அப்படியே நின்றார்கள். குலவை போட்டவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார்கள். ஆர்மோனியக்காரரும் கையை எடுத்துவிட்டார். எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மற்றப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். “ஏனுங்க, அது யாரு பொட்டிங்க?”

திரையில் பெட்டி போய்க்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் உயர்த்திய கழியை இறக்கினார். இத்தனை ஊரில் ஒரு நாளும் திணறாத குரல் திணறியது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றார். “நான் அங்க இல்லீங்க.”

ஜனங்களுக்குப் புரியவில்லை. யாரோ சிரிக்கக் கூடச் செய்தார்கள். அவர் பொம்பளைகள் பக்கம் திரும்பினார். இருட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஆனாலும் சரியாக என் பக்கம் பார்த்துத்தான் பேசினார்.

“நீ இருந்தீல்ல புள்ள. நீ சொல்லு.”

ஆண்கள் நிறைந்த கொட்டகையில் ஒரு பொம்பளை எழுந்து சத்தம் போட்டுப் பேசுவது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். ஆனால் ஒரு வருஷமாக அடைத்து வைத்திருந்தது எனக்குள் கிடந்தது. எழுந்து நின்றேன்.

“அது நகப் பொட்டி இல்லீங்க. அதுக்குள்ள கொழந்த இருக்குதுங்க. செத்துப்போச்சுங்க” என்றேன். “நாலு வயசுக் கொழந்த. நல்லாத்தான் வெளையாடிக்கிட்டிருந்துச்சு. தச்சர் பலக அறுத்துப் பொட்டி பண்ணிக் குடுத்தாருங்க. அவங்க ஊட்டம்மா வெள்ளத் துணி ஒட்டுனாங்க. உள்ள தாயோட பழைய சீலைய மடிச்சு மெத்த போட்டாங்க. பச்சக் கவுனு போட்டு, தல சீவி, கையில செபமால சுத்தி வெச்சாங்க. பொட்டி கொஞ்சம் சின்னதாப் போச்சுங்க, கால மடக்கித்தான் வெச்சாங்க. மூடறப்போ தாய் வேண்டாம் வேண்டாம்னு பலகையப் புடிச்சுக்கிட்டா. கைய எடுத்து விட்டாங்க.”

படத்துக்கும் நான் சொன்னதற்கும் பொருந்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது. பின்னால் தச்சர் பெண்டாட்டி விசும்புகிற சத்தம் கேட்டது. மற்றவர்களும் அழுதார்கள், அம்மனுக்குக் குலவை போட வந்தவர்களும் சேர்ந்துதான் அழுதார்கள்.

“வேப்ப மரத்துக்கு மேற்கால குழி வெட்டியிருந்தாங்க. அப்பன் கையால மொதப் புடி மண்ணு போடோணும். அப்பன் ஊர்ல இல்ல. அதனால தாயே போட்டாளுங்க” என்றேன்.

திரையில் தாய்க்காரி அடுப்பு மேல் கையுறைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். “அது கொழந்தையோட கைக்குப் போடற உறைங்க. ஈரமா இருக்குதுன்னு காயப் போடறா. இனிமே அதப் போட்டுக்க ஆளில்ல, அது அவளுக்குத் தெரியும்” என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மாள், யாரென்றே தெரியாது, என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் அவர் இல்லை. கழி மட்டும் மணலில் கிடந்தது. முதலாளி அவசர அவசரமாகச் சிரிப்புப் படத்தைப் போடச் சொன்னார். நான் எழுந்து பொம்பளைகள் வாசல் வழியாக வெளியே போய்க் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். திரைக்குப் பின்பக்கம், கொட்டகைக் கயிறு கட்டிய முளைக்குப் பக்கத்தில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தடியன் சாப்பிட உட்கார்ந்திருக்க வேண்டும். கதை சொல்ல ஆள் இல்லாமலே ஜனங்கள் லேசாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு ஒரு வருஷத்துச் சொல் என்னிடம் இருந்தது. அதில் ஒன்றை எடுப்பதற்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார்.

“பாப்பா என்னயக் கேட்டுச்சா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதைக் கேட்கத்தான் மனிதர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். இந்த ஒன்றுக்குப் பயந்து எதையுமே கேட்காமல் இருந்திருக்கிறார். நான் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“கேட்டுச்சுங்க” என்றேன். இதில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “மத்தியானத்துலருந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்பா வந்துக்கிட்டிருக்காரு சாமி, நீ கண்ண மூடிக்கோன்னு சொன்னேன். சரின்னு மூடிக்கிச்சு.”

“எந்நேரத்துக்கு?”

“விளக்கு வெக்கறதுக்குக் கொஞ்சம் முன்னங்க.”

அவர் யோசித்தார். விரலால் தரையில் ஏதோ கோடு போட்டார். “ஆத்தூர்ல ஒரு வண்டியும் கெடைக்கல. நடந்துதான் வந்தேன். விளக்கு வெக்கற நேரத்துக்கு வாழப்பாடி கிட்ட வந்துட்டேன்” என்றார். “அப்ப நீ சொன்னது நெசந்தான். நான் வந்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“ஆமாங்க. நெசந்தான்.”

உள்ளே வாத்து தட்டில் வாயை வைத்திருக்கும், கொட்டகையே அதிருகிற மாதிரி சிரிப்பு எழுந்தது. அவர் என் கையைப் பிடித்தார். நான் அங்கே இல்லாதவள் போலவும், தூரத்திலிருந்து அவர்தான் எனக்குச் சேதி கொண்டுவந்திருக்கிறவர் போலவும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நம்ம பாப்பா செத்துப்போச்சு புள்ள.”

“ஆமாங்க” என்றேன்.